அகமுகர்களின் களைப்பு: 'சோஷியல் பேட்டரி' கணக்கு எங்கே பிசகுகிறது?

"சோஷியல் பேட்டரி தீர்ந்துவிட்டது" என்ற வாக்கியம் இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முதல் அலுவலக அரட்டை வரை எங்கும் புழங்குகிறது. மனிதர்களோடு பழகப் பழக அகமுகர்களுக்கு, அதாவது இன்ட்ரோவர்ட்டுகளுக்கு, சக்தி இறங்கும்; தனித்திருந்தால் மீண்டும் ஏறும்; புறமுகர்களுக்கு இது நேர்மாறு என்பதே அதன் சாரம். தங்கள் அனுபவத்தைச் சொல்லத் தெரியாமல் தவித்த பலருக்கு இது உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால், இந்தக் கணக்கை அப்படியே நம்பி நாளைத் திட்டமிடுகிறவர்கள் சில கேள்விகளில் இடறுகிறார்கள். நெருங்கிய நண்பரோடு நான்கு மணி நேரம் பேசியும் களைக்காத ஒருவர், யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருவில் அரை மணி நேரம் நடந்தாலே ஏன் ஓய்ந்துபோகிறார்? விருந்தில் கலகலப்பாக இருந்தவர், வீடு திரும்பிச் சிறிது நேரம் கழித்து, ஒரு தட்டு கீழே விழுந்த சத்தத்துக்கு ஏன் எரிந்து விழுகிறார்?

ஆட்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் இவற்றுக்கு விடை கிடைக்காது. மூளைக்கு வந்து சேரும் தூண்டல்களின் மொத்தச் சுமை, இயல்புக்கு மாறாகத் தன்னை நடத்திச் செல்லும் முயற்சி, அந்தச் செலவு சில மணி நேரம் தாமதித்தே தெரியவரும் என்ற உண்மை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், எதை எது என்று அழைக்கிறோம்

இந்தப் பாகுபாட்டைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் கார்ல் யுங், ஆண்டு 1921. மனத்தின் நாட்டம் உள்நோக்கியதா, வெளிநோக்கியதா என்பதே அவருடைய கேள்வி. இன்றைய ஆளுமை ஆய்வில் புறமுகத்தன்மை ஐந்து பெரும் பண்புகளுள் ஒன்று. அகமுகம் என்பது அதே அளவுகோலின் கீழ்ப்பகுதி. மக்களில் பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். இணையத்தில் பத்துக் கேள்விகளுக்கு விடை சொல்லி "நான் இந்த ரகம்" என்று முடிவு கட்டுவது அளவுகோலை இரண்டாக வெட்டிப் பார்ப்பதாகும். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இந்தப் பண்பில் காணப்படும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபுவழிப்பட்டது என இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன.

அகமுகத்தோடு சேர்த்துக் குழப்பப்படுபவை மூன்று.

1. கூச்சம். பிறர் தன்னை எப்படி எடைபோடுவார்களோ என்ற தயக்கம் இது. பிறரோடு சேர்ந்திருக்கும் விருப்பம் என்பது வேறு என்று ஜொனாதன் சீக், ஆர்னால்ட் பஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1981இலேயே பிரித்துக் காட்டினார்கள். பழக ஏங்கியும் வாய் திறக்க முடியாத புறமுகர் உண்டு. மேடையில் தயக்கமின்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, பந்தியில் ஆளில்லாத மூலையைத் தேடும் அகமுகரும் உண்டு.

2. சமூகப் பதற்றக் கோளாறு. பதற்றத்தால் வேலை, படிப்பு, உறவு பாதிக்கப்படும் நிலை இது. இதற்குச் சிகிச்சை உண்டு. அகமுகத்துக்குச் சிகிச்சை தேவையில்லை.

3. புலன் நுண்ணுணர்வு. ஒலி, ஒளி, மணம், பிறர் மனநிலை ஆகியவற்றை ஆழமாக உள்வாங்கும் இயல்பு. எலைன் ஆரன் 1997இல் இதைத் தனிப் பண்பாக வரையறுத்தார். அகமுகத்தோடு இது ஓரளவு ஒட்டி வந்தாலும் புறமுகர்களிடமும் காணப்படுகிறது.

நம் வீடுகளில் இவை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "அமுக்கினி", "யாரோடும் ஒட்டாத பிள்ளை" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பெயர் தவறினால் வைத்தியமும் தவறிப்போகும்: கூச்சத்துக்குப் பழக்கம் உதவும், பதற்றத்துக்கு மருத்துவம் உதவும், தூண்டல்கள் தாங்கும் அளவை மீறும் மிகைத்தூண்டலுக்கு இரண்டும் உதவாது, அங்கே சுமையைத்தான் குறைக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறும் மூளையின் விழிப்பும்

அகமுகர்களுக்கு ஏன் தூண்டல் சீக்கிரம் திகட்டுகிறது என்பதற்கு முதலில் உடலியல் விளக்கம் தந்தவர் ஹான்ஸ் ஐசென்க். மூளைத்தண்டிலிருந்து மேலெழுந்து பெருமூளைப் புறணியை விழிப்போடு வைத்திருக்கும் நரம்பு வலையமைப்பு ஒன்று உண்டு. அகமுகர்களிடம் இது இயல்பாகவே கூடுதலாக இயங்குகிறது. எனவே அவர்கள் வெளித்தூண்டலைக் குறைத்துக்கொள்ள முயல்கிறார்கள். புறமுகர்களின் விழிப்புநிலை தாழ்ந்திருப்பதால் அவர்கள் தூண்டலைத் தேடிப் போகிறார்கள் என்று 1967இல் அவர் வாதிட்டார். நாக்கில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஊறும் உமிழ்நீரை அளந்த அக்காலச் சோதனைகளில் அகமுகர்களுக்கு அதிகம் ஊறியது இந்த வாதத்துக்குத் துணையாக நின்றது.

இந்தக் கோட்பாட்டில் பாதி நிலைத்தது, பாதி நிலைக்கவில்லை. சும்மா இருக்கும்போதே அகமுகர்களின் மூளை கூடுதல் விழிப்பில் இருக்கிறது என்பதற்கு மூளையின் மின் அலைப் பதிவுகளில் சீரான சான்று கிடைக்கவில்லை. தூண்டல் வந்தபின் அவர்களுடைய எதிர்வினை கூடுதலாக இருக்கிறது என்பதற்கே சான்று வலுவாக இருக்கிறது. "எனக்கு எப்போதும் மூளை ஓடிக்கொண்டே இருக்கும்" என்ற பிரபலமான பேச்சைவிட "எனக்குச் சத்தம் கூடுதலாகக் கேட்கிறது" என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது எனலாம்.

இதைத் தெளிவாகக் காட்டியது ரஸ்ஸல் கீன் 1984இல் வெளியிட்ட ஆய்வு. கற்றல் பணி ஒன்றைச் செய்யும்போது காதில் ஒலிக்கும் இரைச்சலின் அளவைப் பங்கேற்பாளர்களே தேர்ந்தெடுத்தார்கள்; புறமுகர்கள் உரத்த அளவையும் அகமுகர்கள் மென்மையான அளவையும் தேர்ந்தார்கள். தத்தம் அளவில் இருந்தவரை இரு சாராரும் ஒரேபோலச் செயல்பட்டார்கள். அளவை மாற்றிப்போட்டதும் இரு சாராரும் சறுக்கினார்கள். புறமுகர்களுக்கும் அமைதி ஒத்துவரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தூண்டல் கூடக் கூடச் செயல்திறன் ஓர் எல்லை வரை உயர்ந்து, பிறகு சரியும். அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும், அவ்வளவுதான். வானொலியை அலறவிட்டுப் படிக்கும் தம்பியும் கதவைச் சாத்திக்கொள்ளும் அக்காவும் ஒரே வீட்டில் இருப்பதில் யார் மீதும் குற்றமில்லை.

காபியும் ஒரு தூண்டல்தான். ஆனால் அதன் கணக்கு நேரத்தைப் பொறுத்தது. வில்லியம் ரெவெல் குழுவினர் 1980இல் நேர நெருக்கடியில் தேர்வெழுதியவர்களுக்குக் காபியில் உள்ள கஃபீனைக் கொடுத்துப் பார்த்தார்கள். வேறுபாடு அவசர சுபாவத்தைப் பொறுத்தே தெரிந்தது: காலையில் நிதானக்காரர்களின் மதிப்பெண் குறைந்தது, அவசரக்காரர்களின் மதிப்பெண் கூடியது; மாலையில் இது தலைகீழானது. "இன்ட்ரோவர்ட்டுகள் காபி குடிக்கக் கூடாது" என்று பரவும் அறிவுரைக்கு இந்த ஆய்விலும் ஆதாரம் இல்லை.

களைப்பு தாமதமாக வருகிறது

பேட்டரிக் கணக்கு உண்மையில் பிசகும் இடம் இது. அகமுகர்கள் கூட்டத்தில் இருக்கும்போதே சக்தி இறங்கிக்கொண்டிருக்கும் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. ஆய்வுகளில் தெரிவது வேறு. 2002இல் வில்லியம் ஃபிளீசன் குழுவினர், கலகலப்பாக நடந்துகொள்ளும் வேளைகளில் அகமுகர்களும் அதிக மகிழ்ச்சியை உணர்வதாகக் கண்டார்கள். 2013இல் ஜான் செலென்ஸ்கி குழுவினர், அப்படி நடந்துகொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை அகமுகர்கள் முன்கூட்டியே குறைத்து மதிப்பிடுவதாகக் காட்டினார்கள். போகவே வேண்டாம் என்று முனகிக்கொண்டு கிளம்பிய விருந்து, போனபின் பரவாயில்லை என்று தோன்றுவது இதனால்தான்.

"அப்படியானால் அகமுகர்கள் கொஞ்சம் கலகலப்பாக மாறினால் போதும்" என்று முடிவுகட்டியவர்களுக்கு அடுத்த இரு ஆய்வுகள் பதில் வைத்திருக்கின்றன. பின்லாந்தைச் சேர்ந்த சொயின்து லெய்க்காஸ், வில்லே-யுஹானி இல்மாரினென் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, புறமுகமாக நடந்துகொள்வது அந்த நேரத்தில் மனநிலையை உயர்த்துகிறது; ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பைக் கொண்டுவருகிறது. இந்தக் களைப்பு அகமுகர்களுக்கு மட்டும் உரியதன்று, புறமுகர்களுக்கும் வந்தது. ஆஸ்திரேலியாவில் 2019இல் ஒரு வாரம் முழுவதும் புறமுகமாக நடந்துகொள்ளச் சொல்லிப் பார்த்தபோது, சராசரியாகப் பலன் தெரிந்தாலும், அகமுகம் மிகுந்தவர்களுக்குப் பலன் குறைந்து, களைப்பும் "இது நானில்லை" என்ற உணர்வும் கூடின.

இதன் விளைவு நடைமுறையில் முக்கியமானது. மாலை 6 மணி விருந்தின் விலை இரவு 9 மணிக்குத்தான் தெரிகிறது. அப்போது எதிரில் இருப்பவர் விருந்துக்குக் காரணமானவர் அல்லர். வீட்டுப்பாடம் காட்ட வந்த பிள்ளையோ, நாளைய சமையலைப் பற்றிக் கேட்கும் துணையோதான். கோபத்துக்கும் அவர்கள்தான் ஆளாகிறார்கள். பல குடும்பச் சண்டைகளுக்கு அன்றைய பேச்சில் காரணம் தேடுவதைவிட அன்றைய நாள்குறிப்பில் தேடுவது பயன் தரும்.

புறமுகர்களுக்குக் கூட்டம் ஏன் இனிக்கிறது என்பதற்கு டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த பரிசு உணர்வு அவர்களிடம் கூடுதலாக இயங்குகிறது என்ற விளக்கம் உண்டு. செலவு இருவருக்கும் இருந்தாலும் வரவு அவர்களுக்குக் கூடுதல் என்று சுருக்கமாகப் புரிந்துகொள்ளலாம்.

ஒரு திருமண வரவேற்பைப் பிரித்துப் பார்த்தால்

"கல்யாணத்துக்குப் போய்வந்தேன், களைத்துவிட்டேன்" என்பதில் உண்மையில் நான்கு வெவ்வேறு சுமைகள் இருக்கின்றன.

1. புலன் சுமை. மெல்லிசைக் குழுவின் ஒலிபெருக்கி, வீடியோ எடுப்பவரின் விளக்கு, பட்டுப்புடவையின் உறுத்தல், மல்லிகையும் சாம்பாரும் கலந்த மணம், அடைத்துக்கொண்ட குளிர்சாதனம். கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே ஒலி 85 டெசிபல் அளவை எட்டியிருக்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்புத் துறையினர் பயன்படுத்தும் தோராய விதி. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு அனுமதிக்கும் பகல் அளவு 55 டெசிபல், இரவு அளவு 45 டெசிபல். டெசிபல் அளவையில் 10 கூடினால் ஒலிச்செறிவு பத்து மடங்கு ஆகும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி விளங்கும்.

2. உறவுக் கணக்கு. எதிரே வருபவர் பெரியப்பா முறையா, மாமா முறையா. சென்ற ஆண்டு அவர் வீட்டில் நடந்தது துக்கமா, புதுமனை புகுவிழாவா. அவருடன் நம் வீட்டார் பேச்சுவார்த்தையில் இருக்கிறார்களா இல்லையா என்பதையெல்லாம் அவர் கைகூப்பும் நொடிக்குள் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். "என்னைத் தெரியுதா? சொல்லு பார்ப்போம்" என்ற கேள்வியின் கனத்தை அதை எதிர்கொண்டவர்கள் அறிவர்.

3. தன்னைக் கட்டுப்படுத்துதல். "ஏன் இளைச்சுட்டே?", "எப்போ நல்ல சேதி?" என்பவற்றுக்கு முகம் மாறாமல் சிரிக்க வேண்டும். இயல்புக்கு மாறான முகத்தைத் தாங்கி நிற்பதுதான் மேலே சொன்ன களைப்புக்கு நெருக்கமான காரணம்.

4. வெளியேறும் உரிமை இல்லாமை. மேடையில் போட்டோவுக்கு வரிசை நகரும்வரை நிற்க வேண்டும், பந்தியில் இலை போட்டபின் எழ முடியாது, வண்டி சித்தப்பாவுடையது. எப்போது கிளம்பலாம் என்பது தன் கையில் இல்லாதபோது அதே சத்தம் கூடுதலாக உறுத்துகிறது.

நெருங்கிய நண்பருடன் நான்கு மணி நேரம் பேசியவருக்கு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. ரங்கநாதன் தெருவில் முதலாவதும் நான்காவதும் மட்டுமே இருந்தன. அவையே போதுமானவையாக இருந்தன. எனவே "எத்தனை பேரைச் சந்திக்கிறேன்" என்று எண்ணுவதைவிட, எந்தச் சுமை தன்னை அதிகம் அழுத்துகிறது என்று பிரித்தறிவது பயனுள்ளது. ஒலிதான் சிக்கல் என்றால் ஒலிபெருக்கிக்கு எதிர்மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டாலே பாதி தீரும். நான்காவதுதான் சிக்கல் என்றால் தனி வண்டியில் போவதே தீர்வு.

அலுவலகம்: சுவர் இல்லாத அறை, அணையாத கேமரா

சுவர்களை எடுத்துவிட்டால் ஊழியர்கள் அதிகம் கலந்து பேசுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் திறந்தவெளி அலுவலகங்கள் பெருகின. ஹார்வர்டின் ஈத்தன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி மாறிய அலுவலகங்களில் நேருக்கு நேர் பேச்சு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் கூடியிருந்தன. சுவர் போனதும் மக்கள் ஹெட்போனைச் சுவராக்கிக்கொண்டார்கள். அந்த ஹெட்போனிலும் பாட்டு ஓடினால் பலன் குறையும்: ஏட்ரியன் ஃபர்ன்ஹாம், அன்னா பிராட்லி ஆகியோரின் 1997 ஆய்வில் பாப் இசை ஒலிக்கும்போது வாசித்துப் புரிந்துகொள்வதில் அகமுகர்கள் கூடுதலாகத் தடுமாறினார்கள்.

காணொளிக் கூட்டங்களின் களைப்புக்கு ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கு காரணங்களை முன்வைத்தார்: மிக அருகில் தெரியும் முகங்களின் இடைவிடாத பார்வை, நாள் முழுவதும் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, இடத்தைவிட்டு அசைய முடியாமை, சைகைகளைச் சிரமப்பட்டு அனுப்பவும் புரிந்துகொள்ளவும் ஆகும் கூடுதல் உழைப்பு. இவற்றில் இரண்டாவதை ஒரு சொடுக்கில் நீக்கலாம். தன் படம் தனக்குத் தெரியாமல் மறைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருந்தும் பலர் அதைத் தொடுவதில்லை.

சுமையை நிர்வகித்தல்

1. நிகழ்வைத் தவிர்ப்பதைவிட, அதற்குப் பிந்தைய மூன்று மணி நேரத்தைக் காலியாக வைப்பது மேல். களைப்பு தாமதித்து வருவதால், விருந்து முடிந்ததும் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அடுத்த வேலையை ஏற்றுக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

2. குறுகிய தனிமைக்கும் பலன் உண்டு. துய்-வி நுயென், ரிச்சர்ட் ரையன், எட்வர்ட் டெசி ஆகியோரின் 2018 ஆய்வில் 15 நிமிடத் தனிமை, பரபரப்பான உணர்வுகளைத் தணித்தது. எரிச்சல், பதற்றம் மட்டுமல்லாமல் உற்சாகமும் சேர்ந்தே தணிந்தது. ஆகவே நேர்காணலுக்கோ மேடைக்கோ சற்று முன்பு அதிக நேரம் ஒதுங்கியிருப்பது வேகத்தையும் குறைத்துவிடக்கூடும். தானே தேர்ந்த தனிமையே நல்ல பலன் தந்தது. ஒதுக்கப்பட்டதால் வந்த தனிமை இந்தக் கணக்கில் சேராது. கைப்பேசியில் ரீல்ஸ் பார்க்கும் தனிமையும் பெயருக்குத்தான் தனிமை. ஒலி, ஒளி, முகங்கள் அனைத்தும் அதில் உண்டு.

3. நிகழ்வின் நடுவிலேயே ஓர் ஒதுங்கிடம். தான் மதிக்கும் வேலைக்காக ஒருவர் இயல்புக்கு மாறாக நடக்கலாம், ஆனால் இடையிடையே மீளும் இடம் வேண்டும் என்பது கனடா உளவியலாளர் பிரையன் லிட்டிலின் கருத்து. இராணுவக் கல்லூரி ஒன்றில் உரையாற்றப் போகும்போது, மதிய விருந்தைத் தவிர்த்து ஆற்றங்கரையில் நடந்ததையும், பின்னர் ஆறில்லாத இடத்தில் கழிவறைக்குள் ஒதுங்கியதையும் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் இதற்கு மதிப்பான வழி ஒன்று உண்டு: ஒரு வேலையை ஏற்றுக்கொள்வது. தாம்பூலப் பை எடுத்துத் தருபவரிடம் யாரும் நின்று கேள்வி கேட்பதில்லை.

4. வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தல். களைத்தபின் சொன்னால் அது கோபமாகத்தான் கேட்கும். "வந்ததும் அரை மணி நேரம் மாடியில் இருந்துவிட்டு வருகிறேன், அப்புறம் பேசலாம்" என்பதில் திரும்பி வரும் நேரமும் இருப்பதால், கேட்பவருக்கு ஒதுக்கப்பட்ட உணர்வு வருவதில்லை.

இவ்வளவும் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. இவ்வகை அறிவுரைகள் பெரும்பாலும் ஆளுக்கொரு அறை இருக்கும் வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் தனிமை என்பது மொட்டைமாடியோ, நூலகமோ, பேருந்தின் ஜன்னலோர இருக்கையோதான். அதிலும் ஆண் "கொஞ்சம் வெளியே போய்விட்டு வருகிறேன்" என்று செருப்பை மாட்டுவது போல மருமகளால் மாட்ட முடிவதில்லை; விருந்து முடிந்த பிந்தைய மூன்று மணி நேரமும் அவருக்குப் பாத்திரங்களோடுதான் கழிகிறது. அங்கே தேவைப்படுவது மூச்சுப் பயிற்சிக் குறிப்பு அன்று, வேலைப் பங்கீடு.

எந்தக் களைப்பு அகமுகத்தால் வருவதன்று

மிகைத்தூண்டலால் வந்த களைப்புக்கு ஓர் அடையாளம் உண்டு: தூண்டல் குறைந்து, நல்ல உறக்கமும் கிடைத்தால் அது தணிந்துவிடும். அமைதியான இரண்டு நாள் விடுமுறைக்குப் பிறகும் களைப்பு அப்படியே இருந்தால், அதற்கு அகமுகம் என்று பெயர் சூட்டிக்கொள்வது ஆபத்தானது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. "யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, படுத்தே கிடக்கலாம் போல இருக்கிறது" என்பதற்கு ஹீமோகுளோபின் குறைவும் தைராய்டுக் குறைபாடும் காரணமாகலாம். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அதேபோல, முன்பு விரும்பிச் செய்த தனிமைச் செயல்களான வாசிப்பு, தோட்டவேலை, பாட்டு ஆகியவையும் சுவையற்றுப்போய், அது இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயைக் கருத வேண்டும். அகமுகர் கூட்டத்தைத் தவிர்ப்பார், தன் புத்தகத்தைத் தவிர்க்க மாட்டார். இந்த நிலையில் உள்ளவர்கள் மனநல மருத்துவரை அணுகலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் நாளின் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.